ஈசிஆர் சலித்துவிட்டது: சென்னையைச் சுற்றி ஏரி, குன்று, ஆறு பார்த்து ஓட்ட நல்ல வழி சொல்லுங்கள்

வேளச்சேரி வாசி:

வணக்கம் நண்பர்களே. ரோடு பைக் வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. ஞாயிறு வந்தால் ஒரே வழிதான், ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலை. திருவான்மியூர், முட்டுக்காடு, கோவளம், கால் ஒத்துழைத்தால் மாமல்லபுரம், அப்புறம் வந்த வழியே வீடு. முட்டுக்காடு பாலத்தில் சூரியன் எழுவதைப் பார்ப்பதற்காகவே இருட்டில் கிளம்பிய நாட்கள் உண்டு. இப்போது அந்தப் பாலத்தில் நிற்கவே தோன்றுவதில்லை. ஒரு வளைவு இல்லை, ஒரு ஏற்றம் இல்லை, கார்கள் காதோரம் சீறிக்கொண்டு போகின்றன.

எனக்கு வேண்டியது ஏற்ற இறக்கமான சாலை, பக்கத்தில் ஏரியோ ஆறோ, கொஞ்சம் நிழல். 80லிருந்து 120 கி.மீ.க்குள் இருக்க வேண்டும், மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்க வேண்டும். வண்டியின் கியரில் முன்னால் 50/34 பல் சக்கரங்கள், பின்னால் 11-28. டயர் 25 மி.மீ. பெரும்பாலும் தனியாகத்தான் போவேன். நம் ஊரைச் சுற்றி அப்படி ஏதாவது இருக்கிறதா?

கிண்டி கியர்:

சென்னை தட்டை ஊர். ஏற்றம் வேண்டுமானால் பரங்கிமலைக்குப் போய் நாலு தடவை ஏறி இறங்கலாம், அவ்வளவுதான். உண்மையான மலை வேண்டுமென்றால் ஜோலார்பேட்டை போய் ஏலகிரி ஏறுங்கள். 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் புலவர், வள்ளல் பெயர் வைத்திருக்கிறார்கள், பாரி, ஓரி, கபிலர், ஔவையார் என்று. மூச்சு வாங்கும்போது அடுத்த வளைவு யார் பெயர் என்று பார்த்துக்கொண்டே ஏறலாம். அதற்கு உங்கள் 34-28 கியர் தாராளமாகப் போதும். ஆனால் அது ஞாயிறுதோறும் போகிற இடம் இல்லை.

ஏரிக்கரை:

தம்பி, கிண்டி நண்பர் சொன்னதில் பாதிதான் சரி. கடலோரம் தட்டை. தாம்பரம் தாண்டித் தெற்கே போனால் தரை மாறிவிடும். வண்டலூர், திருப்போரூர், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், இந்த நான்கு ஊர்களுக்கு நடுவே குன்றுகளும் காப்புக்காடுகளும் சிதறிக் கிடக்கின்றன. குன்று இருக்கும் இடத்தில் ஏரியும் இருக்கும். குன்றிலிருந்து வழிகிற மழைத்தண்ணீரைப் பள்ளத்தில் கரை போட்டு மடக்கி வைத்தார்கள் நம் முன்னோர்கள். பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஏரி மாவட்டம் என்றே பெயர். அதனால் நீங்கள் கேட்ட குன்றையும் ஏரியையும் தனித்தனியாகத் தேட வேண்டியதில்லை.

நான் பத்து வருடமாக ஓட்டும் வழி இது. கேளம்பாக்கத்தில் தொடங்கித் திருப்போரூர், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம், கோவளம், மறுபடி கேளம்பாக்கம். ஏறக்குறைய 90 கி.மீ. வேளச்சேரியிலிருந்தே மிதித்துப் போனால் 130 தாண்டிவிடும். முதல் தடவைக்கு வண்டியைக் காரில் போட்டுக்கொண்டு கேளம்பாக்கம் வரை போய்விடுங்கள்.

இதில் உயிர்ப்பான பகுதி திருப்போரூருக்கும் செங்கல்பட்டுக்கும் இடையில். ஊர் முடிந்து காட்டுக்குள் நுழைந்ததும் முதலில் மாறுவது சத்தம். அதுவரை காதில் இரைந்த காற்று நின்றுபோகும், உங்கள் செயின் ஓடும் ஓசை உங்களுக்கே கேட்கும். நீண்ட ஏற்றம் எதுவும் கிடையாது. ஏறும், இறங்கும், வளையும், மறுபடி ஏறும். பெரும்பாலும் இரண்டு மூன்று சதவீதச் சரிவுதான். இறக்கத்தில் கிடைத்த வேகத்தை விடாமல் அடுத்த ஏற்றத்தில் முக்கால் பங்கு ஏறிவிட்டு, மீதிக்கு மட்டும் எழுந்து நின்று மிதிக்க வேண்டும். அந்தத் தாளம் பிடிபட்டுவிட்டால் 25 கி.மீ. போனதே தெரியாது. விடிகாலையில் மயில்கள் சாலையைக் கடக்கும், இறக்கத்தில் கை பிரேக்கிலேயே இருக்கட்டும். குரங்குகளுக்கு எதுவும் போடாதீர்கள். போடப் போடத்தான் அவை சாலைக்கு வந்து வண்டியில் அடிபடுகின்றன.

செங்கல்பட்டில் கொளவாய் ஏரி. ரயிலில் தெற்கே போகும்போது சன்னலில் நீங்கள் பார்த்த அதே ஏரிதான். ரயிலில் அரை நிமிடத்தில் போய்விடும். சைக்கிளில் வந்தால் இறங்கி நின்று பார்க்கலாம். அங்கிருந்து திருக்கழுக்குன்றம் 14 கி.மீ. வேதகிரீஸ்வரர் மலை ரொம்ப தூரத்திலேயே கண்ணில் பட்டுவிடும். சாலை வளைய வளைய மலையும் இடமும் வலமுமாக மாறிக்கொண்டே இருக்கும். ஊருக்குள் போனதும் சங்கு தீர்த்தக் குளக்கரையில் ஒரு கால் மணி நேரம் உட்காருங்கள். பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை இந்தக் குளத்தில் சங்கு பிறக்கும் என்பது ஊர் நம்பிக்கை. மலைமேல் ஏற ஐநூற்றுக்கும் மேற்பட்ட படிகள். பெடலில் மாட்டும் கிளீட் வைத்த ஷூவோடு முயற்சி செய்ய வேண்டாம், அதற்கு வேறொரு நாள் குடும்பத்தோடு வாருங்கள்.

மேடவாக்கம் மிதி:

அண்ணா, அருமை. ஒரு சந்தேகம். இதே வட்டத்தைத் திருப்பிப் போட்டு, கடலோரம் முதலில், மலை கடைசியில் என்று ஓட்டினால் என்ன? காலையிலேயே ஈசிஆரை முடித்துவிட்டால் போக்குவரத்து குறைவாக இருக்குமே.

ஏரிக்கரை:

நல்ல கேள்வி. பதில் மாதத்தைப் பொறுத்தது. நம் ஊரில் காற்றுதான் மலை.

ஐப்பசியிலிருந்து தை வரை வாடைக்காற்று, வடகிழக்கிலிருந்து வரும். அந்த மாதங்களில் மலையை முதலில் முடித்துவிட்டு மாமல்லபுரத்திலிருந்து வடக்கே திரும்பினால் கோவளம் வரை காற்று நேர் எதிரில். 70 கி.மீ. மிதித்த காலோடு அதில் மணிக்கு 20 போவதே பெரும்பாடு. அதனால் மழைக்காலமும் பனிக்காலமும் கடல் முதலில். காற்று முதுகில் தள்ளும், ஒரு மணி நேரத்துக்குள் மாமல்லபுரம் வந்துவிடும். திரும்பும்போது செங்கல்பட்டிலிருந்து திருப்போரூர் வரை எதிர்க்காற்றுதான். ஆனால் அங்கே குன்றும் மரமும் மறைத்துக்கொள்ளும்.

பங்குனி தொடங்கி வைகாசி வரை மலை முதலில். காரணம் இரண்டு. வெயில் ஏறுவதற்குள் காட்டுச் சாலையை முடித்துவிடலாம். அப்புறம், தரை சூடேறி பத்து பதினொரு மணிவாக்கில் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து கிளம்பும். அந்த நேரத்தில் நீங்கள் ஈசிஆரில் வடக்குப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தால் அது உங்களைத் தூக்கிக்கொண்டு வந்து விட்டுவிடும். ஆனி, ஆடியில் மேல்காற்று பலமாக இருப்பதால் கடற்காற்று உள்ளே வரத் தாமதமாகும். அந்த மாதங்களில் வெளியே மரக்கிளை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கிண்டி கியர்:

காற்றைப் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு. 200 கி.மீ. பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், அதற்குக் கொடுக்கும் 13½ மணி நேரத்தில் ஒன்றரை மணி நேரத்தை எனக்கு எதிர்க்காற்றே தின்றது. தட்டை ஊர் என்று நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். திருப்போரூர் காட்டுச் சாலையை நான் இதுவரை காரில்தான் கடந்திருக்கிறேன். காரில் அந்த ஏற்ற இறக்கம் தெரியவே இல்லை.

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். செங்கல்பட்டு வந்ததும் ஜிஎஸ்டி சாலை வழியாகத் தாம்பரம் திரும்பிவிடலாம் என்று யாருக்கும் ஆசை வரும், தூரம் குறைவு. தயவுசெய்து வேண்டாம். பேருந்துகள் நிறுத்தத்துக்காகத் திடீரென இடப்பக்கம் ஒடிப்பதும், சர்வீஸ் சாலை சொல்லாமல் கொள்ளாமல் முடிவதும் அங்கே சகஜம். பண்டிகை நாட்களில் கேட்கவே வேண்டாம்.

குரோம்பேட்டை காலை:

எல்லாருக்கும் 90 கி.மீ. போக நேரம் இருக்காது. வேலை நாளில் ஓட்ட ஒரு சின்ன வழி: மேற்கு தாம்பரம், முடிச்சூர், மணிமங்கலம், சோமங்கலம், குன்றத்தூர். மணிமங்கலம் ஏரியும் சோமங்கலம் ஏரியும் தை மாதம் வரை நிறைந்திருக்கும். பல்லவர்களும் சாளுக்கியர்களும் போரிட்ட இடம் மணிமங்கலம், நரசிம்மவர்மன் புலிகேசியைத் தோற்கடித்த களங்களில் ஒன்று. குன்றத்தூர் முருகன் மலை சின்னதுதான், ஆனால் மேலே நின்றால் செம்பரம்பாக்கம் ஏரி வெள்ளித் தகடு மாதிரி தெரியும். ஏழரை மணிக்குள் நான் வீட்டில் இருப்பேன்.

மழைக்காலத்தில் மட்டும் கவனம். இந்தப் பக்கத்துத் தண்ணீர் எல்லாம் அடையாற்றில்தான் போய்ச் சேரும். தரைப்பாலத்தின் மேல் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடினாலும் திரும்பிவிடுங்கள். 2015 டிசம்பரை நேரில் பார்த்தவன், அதனால் சொல்கிறேன்.

அம்பத்தூர் அக்கா:

தெற்குப் பக்கத்தையே எல்லாரும் பேசுகிறீர்கள், வடமேற்கை விட்டுவிட்டீர்களே. அம்பத்தூரிலிருந்து திருநின்றவூர், திருவள்ளூர், பூண்டி. போக வர 90 கி.மீ. வரும். திருவள்ளூர் வரை சாலை நெரிசல்தான், அதற்காக நான் ஐந்து மணிக்கே கிளம்பிவிடுவேன். திருவள்ளூர் தாண்டியதும் வேறு உலகம். இருபுறமும் நெல், தூரத்தில் அல்லிக்குழி மலைகள், அப்புறம் கொசஸ்தலை ஆற்றை மறித்துக் கட்டிய பூண்டி நீர்த்தேக்கம். நிறைந்தால் 3,231 மில்லியன் கனஅடி. நாம் சென்னையில் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீரில் ஒரு பங்கு இங்கிருந்து வருகிறது. சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தியின் முயற்சி அது. வேலை 1944இல் முடிந்தது, அவர் 1943இலேயே போய்விட்டார். அணையில் அவர் பெயரைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும்.

பூண்டிக்குப் பக்கத்தில்தான் அத்திரம்பாக்கம். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபுட் பல்லாவரத்தில் கற்கருவியைக் கண்டெடுத்தார், அதே வருடம் இங்கேயும் கண்டெடுத்தார். இங்கு கிடைத்த கருவிகளில் ஒரு பகுதி 3,85,000 ஆண்டுப் பழமையானது என்று 2018இல் நேச்சர் இதழில் ஆய்வு வந்தது. ஆற்றோரம் சைக்கிளை நிறுத்திவிட்டு அந்தக் கூழாங்கற்களைப் பார்ப்பேன். பூண்டியில் தொல்பழங்கால அருங்காட்சியகம் ஒன்றும் இருக்கிறது. பிள்ளைகளை ஒரு தடவை அழைத்துப் போங்கள்.

தனியாக ஓட்டும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. நான் ஓட்டத் தொடங்கி ஆறு வருடம் ஆகிறது. புது வழியை முதலில் துணையோடு ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடுவேன். எந்தப் பெட்ரோல் பங்கில் கழிப்பறை திறந்திருக்கும், எந்த டீக்கடையில் பெண்கள் வேலை செய்கிறார்கள் என்று குறித்துக்கொள்வேன். அடுத்த தடவை தனியாகப் போகத் தைரியம் தானாக வந்துவிடும். இருட்டோடு கிளம்பும் நாளில் முதல் ஒரு மணி நேரம் ஆள் நடமாட்டமுள்ள பெரிய சாலையிலேயே போவேன், வெளுத்த பிறகுதான் ஊர்ச் சாலை. வீட்டுக்கு லைவ் லொகேஷன் எப்போதும் போய்க்கொண்டே இருக்கும்.

பாலாற்றுப் பேரன்:

இந்த இழையில் இவ்வளவு பேர் எழுதியும் பாலாற்றைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. என் ஆயா ஊர் பழையசீவரம், அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் போகும் சாலை கிட்டத்தட்ட ஆற்றோடு கூடவே போகும். பழையசீவரத்தில் சாலையை ஒட்டியே ஒரு குன்று, மேலே லட்சுமி நரசிம்மர். எதிர்க்கரையில் திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் சேரும் இடம் அது. நடுவில் பாலம். அந்தப் பாலத்தின் மேல் சைக்கிளில் போக வேண்டும் என்பதற்காகவே நான் கோயம்பேட்டிலிருந்து 70 கி.மீ. மிதித்து வருவேன். மழைக்குப் பின் ஆறு முழுக்க தண்ணீராக இருக்காது. மணல்திட்டுகளுக்கு நடுவே நாலைந்து கிளைகளாகப் பிரிந்து ஓடும், ஒவ்வொன்றும் ஒரு நிறத்தில். சின்ன வயதில் ஆயா இதே மணலில் கையால் ஊற்றுத் தோண்டி, சிரட்டையில் மொண்டு தண்ணீர் கொடுப்பார். இப்போது மணல் அள்ளி அள்ளி ஆறு ஆழத்துக்கு இறங்கிவிட்டது. பாலத்தின் தூண்களைப் பார்த்தாலே தெரியும்.

திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, 11ஆம் நூற்றாண்டு. அந்தக் கோயிலில் நடந்த ஆதுலர் சாலையை, அதாவது மருத்துவமனையைப் பற்றியது. 15 படுக்கை, மருத்துவர், மருந்து இடிப்பவர்கள், இருப்பில் வைத்திருக்க வேண்டிய மருந்துகளின் பெயர்கள் என்று எல்லாம் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆற்றைப் பார்க்கப் போகிறவர்கள் இதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

நேரம் இருந்தால் திருமுக்கூடலிலிருந்து சாலவாக்கம் வழியாகத் தெற்கே கரிக்கிலி, வேடந்தாங்கல். கார்த்திகை முதல் மாசி வரை போனால் நத்தைக்கொத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன் என்று மரமெல்லாம் பறவையாக இருக்கும். எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்பதால் ஊர்க்காரர்களே தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் இடம். தீபாவளிக்கு அங்கே வெடி வெடிப்பதில்லை. ஆனால் சாலவாக்கம் பக்கம் கல்குவாரி லாரிகள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் போங்கள். மாட்டுப் பொங்கலன்று பழையசீவரம் சாலையில் சைக்கிள் எடுக்காதீர்கள், காஞ்சி வரதர் பார்வேட்டைக்கு எழுந்தருளும் நாள், கூட்டம் கட்டுக்கடங்காது. அன்று பேருந்தில் வந்து சாமி பாருங்கள்.

வேளச்சேரி வாசி:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவே இல்லை. தை மாதம் என்பதால் ஏரிக்கரை அண்ணா சொன்னபடி கடல் முதலில் வைத்து வரும் ஞாயிறு போகிறேன். கிராமத்துச் சாலைக்கு 25 டயர் தாங்குமா? எதை எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

ஏரிக்கரை:

தாங்கும், ஆனால் முடிந்தால் 28 போடுங்கள், காற்றும் கொஞ்சம் குறைவாக. நம் பக்கம் கண்ணாடித் துண்டைவிட சீமைக்கருவேல முள்தான் எதிரி. டியூப் இரண்டு, டயர் லீவர், பஞ்சர் ஒட்டு, கைப்பம்ப். கிராமத்துப் பஞ்சர் கடையில் உங்கள் மெல்லிய வால்வுக்குக் காற்றடிக்க முடியாது. பித்தளையில் ஒரு சின்ன அடாப்டர் கிடைக்கும், அதை வாங்கி வையுங்கள். மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர், ஒரு பாட்டிலில் உப்பும் எலுமிச்சையும். நாய் துரத்தினால் வேகம் கூட்டாதீர்கள். இறங்கி, வண்டியை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள், பெரும்பாலும் நின்றுவிடும்.

வேளச்சேரி வாசி:

போய் வந்துவிட்டேன். 92 கி.மீ., வண்டியில் ஓடிய நேரம் 4 மணி 10 நிமிடம்.

கேளம்பாக்கத்தில் 5.30க்குக் கிளம்பினேன். கோவளம் தாண்டியதும் காற்று முதுகில். எந்தச் சிரமமும் இல்லாமல் 34, 35 காட்டியது, மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு எதிரே வண்டியை நிறுத்தியபோது வியர்வையே இல்லை. திருக்கழுக்குன்றம் போகும் வழியில் நல்ல பனி. மலை தெரியவில்லை, உச்சியில் கோபுரம் மட்டும் தனியாக மிதந்துகொண்டிருந்தது. குளக்கரைக்குப் பக்கத்துச் சந்தில் நாலு இட்லி, ஒரு வடை. அந்த அம்மா என் ஹெல்மெட்டைப் பார்த்துவிட்டு, "எங்கேயிருந்துப்பா வர்றே?" என்று கேட்டு, கேட்காமலேயே இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினார்.

கொளவாய் ஏரிக்கரையில் பத்து நிமிடம் நின்றேன். தண்ணீரில் ஒரு நீர்க்காகம் முங்கி எங்கே எழும் என்று பார்த்துக்கொண்டிருந்ததில் ஒரு ரயில் போனதைக்கூடக் கவனிக்கவில்லை.

அப்புறம் காட்டுச் சாலை. அண்ணா சொன்ன அந்தச் சத்தம் நிற்பது உண்மை. முதல் மூன்று ஏற்றத்தில் அவசரப்பட்டுப் பெரிய கியரில் மிதித்துத் தொடை எரிந்தது. நாலாவதில் தாளம் பிடிபட்டது. ஒரு வளைவில் சாலை முழுக்க வேப்பஞ்சருகு, அதில் டயர் ஏறியபோது வந்த சரசரப்பு இன்னும் காதில் இருக்கிறது. திருப்போரூருக்கு 6 கி.மீ. இருக்கும்போது பின் டயர் போனது. கருவேல முள்ளேதான். டயருக்குள் விரலை மெதுவாக ஓட்டித் தேடி, மிச்சம் உடைந்து நின்ற நுனியைப் பிடுங்கிய பிறகுதான் புது டியூப் போட்டேன். பிடுங்காமல் போட்டிருந்தால் அடுத்த டியூபும் போயிருக்கும். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் முழு நேரமும் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கடைசி 9 கி.மீ. கேளம்பாக்கம் வரை எதிர்க்காற்று. அது மட்டும்தான் கஷ்டம்.

மேடவாக்கம் மிதி:

அடுத்த ஞாயிறு நானும் வரலாமா? எனக்கு அந்தக் காட்டுச் சாலையை விடிந்தவுடனே பார்க்க வேண்டும், எதிர்க்காற்று பரவாயில்லை.

வேளச்சேரி வாசி:

வாங்க. அப்போ மலை முதலில். கேளம்பாக்கம் சந்திப்பில் 5.15க்கு நிற்கிறேன், முன் விளக்கும் பின் விளக்கும் கட்டாயம். இந்தத் தடவை அம்மா கடைக்கு எட்டு மணிக்குள் போய்விட வேண்டும், அதற்கு மேல் வடை தீர்ந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார்.

பாலாற்றுப் பேரன்:

அதற்கடுத்த ஞாயிறு திருமுக்கூடல் பாலம். ஆற்றில் இன்னும் மூன்று வாரத்துக்குத் தண்ணீர் இருக்கும், நேற்றுதான் ஊரில் கேட்டேன்.